ஒற்றை ஸ்கீக்குள் புகுந்த தண்ணீர்

ஏப்ரல் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் எச்சூக்கா ஊருக்கு அருகே மர்ரே ஆற்றில், நீர்ச்சறுக்குப் பலகையான என் ஸ்கீ நீருக்குள் மறைந்து கிடந்த கட்டை ஒன்றில் இடித்தது. அந்த ஆற்றங்கரை முழுவதும் ரெட் கம் மரங்கள். அவற்றின் கட்டை கனமானது. ஒடிந்து விழுந்த கிளை பெரும்பாலும் மிதப்பதில்லை, மூழ்கிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எனக்கு அடி எதுவும் படவில்லை. ஸ்கீயின் வலது விளிம்பில், பின்காலுக்கு நேராக, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சில்லு பெயர்ந்து கார்பன் இழைகள் நார் நாராக நின்றன.

மெல்போர்ன் திரும்பியதும் அந்த விளிம்பை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் என் குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. நான் ஆடும் ஸ்லாலம் என்பது ஒரே ஸ்கீயில் இரு கால்களையும் முன்பின்னாக வைத்து, படகு கயிற்றால் இழுக்க, 259 மீட்டர் நீளப் பாதையில் இடமும் வலமுமாக ஆறு மிதவைகளைச் சுற்றி வருவது. நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது ஸ்கீயின் விளிம்பு நீரை வெட்டிப் பிடிக்க வேண்டும். என் பலவீனமான பக்கத்தில் அந்தப் பிடி தாமதமாக வருவதாக ஜனவரி 19-ஆம் தேதியே எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் மூன்று முறை அதே குறிப்பு. கட்டையில் இடித்ததோ ஏப்ரலில். அப்படியானால் கோளாறு அதற்கு முன்பே ஸ்கீக்குள் இருந்திருக்கிறது.

முதலில் ஃபின்னைச் சந்தேகித்தேன். வால்பக்கம் அடியில் நிற்கும் அந்த அலுமினியத் தகடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு நகர்ந்தாலே திருப்பத்தின் குணம் மாறிவிடும். டிஜிட்டல் காலிப்பரால் அளந்தேன்: ஆழம் 2.500 அங்குலம், வாலிலிருந்து தொலைவு 0.770. போன ஆண்டு எழுதி வைத்த அதே எண்கள். பிடிதிருகுகளும் இறுக்கமாகவே இருந்தன. அடிப்பக்கத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, காய்வதைக் கவனித்தேன். மயிரிழை வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த அசிட்டோன் கடைசியாகக் காயும், கோடு இருண்டு தெரியும். முன்காலுக்கு அடியில்தான் ஸ்கீ அதிகம் வளைகிறது. குறுக்கே ஒடிவதும் அங்கேதான். அங்கே கோடு எதுவும் தெரியாததில் நிம்மதி.

அடுத்தது நாணயச் சோதனை. காலை ஸ்கீயோடு பிணைக்கும் பூட் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு டாலர் நாணயத்தின் விளிம்பால் மேற்பரப்பு முழுவதும் விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஸ்கீயின் மேலோடும் உள்ளே நிரம்பிய கெட்டியான நுரையும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். விட்டுப்போன இடத்தில் அடங்கிக் கேட்கும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிக் கேட்டது. மிருதங்கம் கற்றுக்கொள்ளும் என் மகள் அறைக்குள் வந்து, "கொடுங்கள் அப்பா" என்று நாணயத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடித் தட்டினாள். முன்பூட்டின் இடப்பக்கத் திருகுத் துளைக்கு அருகே கை நின்றது. "இங்கே ஒலி செத்திருக்கிறது." நான்கு பக்கமும் தட்டித் தட்டி, சாக்கட்டியால் எல்லை வரைந்தாள். ஏழு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலம். கட்டை விரலால் அழுத்தினேன். அந்த இடம் இம்மியளவு உள்வாங்கி எழும்பியது. கோடை முழுவதும் என் முன்கால் நின்றது அதன்மேல்தான்.

பூட்டின் தகட்டைப் பிடிக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் ஸ்கீக்குள் ஒரு சிறிய பித்தளைக் குழல் பதித்திருக்கிறது. உட்புறம் மரை, அடிப்பக்கம் மூடியது. அந்தத் துளையில் மட்டும் ஒரு திருகாணியை நாலு சுற்று ஏற்றி, குறட்டால் மெல்ல இழுத்தேன். குழல் தன் பசையோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு நீர் ஊறி எழுந்து துளையின் வாயில் நின்றது. ஆறு வாரமாக வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து கிடந்த ஸ்கீ அது.

காரணம் கிடைக்க இன்னும் ஒரு மாலை ஆயிற்று. டிசம்பரில் பூட்டுக்கு அடியில் இருந்த பழைய அலுமினியத் தகட்டை எடுத்துவிட்டு, மெல்லிய கார்பன் தகடு போட்டேன். பழையது 3 மில்லிமீட்டர், புதியது 1.5. திருகாணிகளை மாற்றவில்லை. தகடு மெலிந்த அளவுக்குத் திருகாணி ஆழமாக இறங்கி, குழலின் அடியைத் தொட்டிருக்கிறது. அதற்கு மேலும் முறுக்கினால் திருகாணி இறங்க வழியில்லை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதுபோல் குழலைத்தான் மேலே தூக்கும். நான் இறுக்கிய ஒவ்வொரு சுற்றும் பசையைக் கிழித்திருக்கிறது. கிழிந்த வழியில் தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு திருப்பத்தின் அழுத்தத்திலும் மேலோட்டை நுரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருக்கிறது. பூட் அசைந்தால் கால் கொடுக்கும் அழுத்தம் விளிம்புக்குத் தாமதமாகத்தானே போய்ச் சேரும்? தகடு மாற்றுகிறவர்கள் திருகாணியின் நீளத்தையும் துளையின் ஆழத்தையும் அளக்காமல் முறுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஸ்கீயை வாங்கிய அன்று பூட்டும் ஃபின்னும் இல்லாமல் எடை 1,742 கிராம். மே கடைசியில் சமையலறைத் தராசில் வைத்தால் 1,836. இடைவெளியை அடைக்கப்போகும் எபாக்சி என்னும் பசை ஈரத்தின்மேல் ஒட்டாது. துளை கீழ்நோக்கி இருக்குமாறு ஹீட்டர் உள்ள அறையில் தொங்கவிட்டேன். ஹேர் டிரையரை நெருக்கமாகப் பிடிக்கக் கூடாது. சூட்டில் நுரை உப்பி, நன்றாக ஒட்டியிருக்கும் இடமும் விட்டுவிடும். கறுப்பு ஸ்கீயைக் கோடை வெயிலில் காருக்குள் பூட்டி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். முதல் வாரம் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு நாளுக்கு ஒரு கிராம், இரண்டு கிராம். 23-ஆம் நாள் 1,749-இல் நின்றது. மேலும் நான்கு நாள் பொறுத்தும் மாறவில்லை.

ஜூலை 2 அன்று எபாக்சி ஊற்றினேன். 1922-இல் இதே தேதியில்தான் ரால்ஃப் சாமுவேல்சன் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் முதன்முதலாக நீரின்மேல் சறுக்கி நின்றார். எட்டடி நீளப் பலகைகளின் நுனியைத் தன் தாயின் துணி வெளுக்கும் அண்டாவில் வேகவைத்து வளைத்தாராம். அதை நினைத்துக்கொண்டே கையுறை மாட்டியதில் எனக்கு ஓர் உற்சாகம்.

வெஸ்ட் சிஸ்டம் எபாக்சியின் 105 ரெசினும், அதை இறுக வைக்கும் 205 ஹார்ட்னரும் வைத்திருந்தேன். அளவு ஐந்துக்கு ஒன்று, கண்டிப்பாக. 22 டிகிரியில் கலவை ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கப்பிலேயே இறுகத் தொடங்கும் என்பதால், எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கிவிட்டுத்தான் கலந்தேன். சாக்கட்டி எல்லையின் கோடியில் மேலோட்டில் மட்டும் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டிருந்தேன். குழல் இருந்த பெரிய துளை வழியாக ஊசிக்குழாயால் எபாக்சியைச் செலுத்தினேன். நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சிறு துளையில் காற்றுக்குமிழி ஒன்று உப்பி உடைந்தது. அதன் பின்னால் தெளிந்த தேன்போல் ரெசின் எட்டிப் பார்த்தது. உள்ளே இடைவெளி முழுவதும் நிரம்பிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மீதிக் கலவையில் சிலிகாப் பொடியைச் சேர்த்து, கெட்டியான சட்னிப் பதத்துக்குக் கொண்டுவந்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய குழலை அதில் புரட்டிப் பதித்தேன். குழல் சாய்ந்து நின்றால் பூட் உட்காராது. அதனால் மெழுகுத்தாளை இடையில் வைத்து, மெழுகு தடவிய திருகாணிகளால் பூட்டின் தகட்டையே அச்சாகப் பூட்டினேன். அதன்மேல் பத்து கிலோ பொன்னி அரிசிப் பை. கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஸ்கீயின் இயல்பான வளைவு நிமிர்ந்தபடியே எபாக்சி இறுகிவிடும். அரிசிப் பை வளைவோடு இணங்கிப் படியும், பாரமும் சீராக விழும்.

விளிம்பு வேலை அதற்குப் பிறகுதான். அடைப்பது எளிது, வடிவம் கொடுப்பது கடினம். கூர்மையான விளிம்பிலிருந்து நீர் சட்டென்று பிரிந்துவிடும். அது மழுங்கி உருண்டால் நீர் சுற்றிக்கொண்டு மேலேறி, ஸ்கீயை உள்ளே இழுக்கும். ஆகவே கண்ணளவை நம்பவில்லை. சேதமில்லாத இடது விளிம்பில், அதே இடத்துக்கு நேராக, மூன்று அட்டைகளை வெட்டி விளிம்பின் குறுக்குவடிவத்தை எடுத்துக்கொண்டேன். அட்டையைத் திருப்பிப் பிடித்தால் வலது விளிம்புக்கான அச்சு. எபாக்சி இறுகியதும் மேலே படியும் மெழுகுப் படலத்தைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டு, கட்டையில் சுற்றிய 120 எண் உப்புத்தாள், பிறகு 220, கடைசியில் 400. பத்து இழுப்புக்கு ஒருமுறை அட்டையை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒளிக்கீற்று மறையும்வரை இரண்டு மாலைகள் ஆயின. கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, நனைத்துத்தான் தேய்த்தேன்.

முடிந்தபின் எடை 1,768. மகளைக் கூப்பிட்டு நாணயத்தைக் கொடுத்தேன். தட்டிவிட்டு, "பக்கத்தைவிட இங்கே சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்றாள். நுரை இருந்த இடத்தில் எபாக்சி இறுகியிருக்கிறது, அப்படித்தான் கேட்கும்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அதே ஆற்றுக்குப் போனோம். புதிதாக வாங்கிய திருகாணிகள் முன்னவற்றைவிட 2 மில்லிமீட்டர் குட்டை. படகில் ஓட்டுநரைத் தவிர ஸ்கீயரைக் கவனிக்க ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம், மனைவி உட்கார்ந்தாள். 18.25 மீட்டர் கயிறு, மணிக்கு 49 கிலோமீட்டர். முதல் திருப்பத்திலேயே பலவீனமான பக்கம் கால் சாய்ந்த கணத்தில் விளிம்பு பிடித்தது. எனக்கு அது பழக்கமில்லாமல் போயிருந்ததால், கைப்பிடியை நெஞ்சுக்கு இழுக்கத் தாமதித்து விழுந்தேன். நான்காவது முறை எல்லாம் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூட்டையும் ஃபின்னையும் கழற்றி, துடைத்து, தராசில் வைத்தேன். 1,769. மறுநாள் காலை 1,768.