அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளும் கிராண்ட் கேன்யனும்

எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு ஹால் பிடிக்கிற வழக்கத்தை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஹால், பலூன் அலங்காரம், கேட்டரிங், வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பை என்று இரண்டு வாரம் அலைந்து முடித்தால், பிறந்தநாள்காரரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டோம். அரிசோனாவில் குடியிருந்துகொண்டு இப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பீனிக்ஸை ஒட்டிய எங்கள் ஊர் சாண்ட்லரில் வண்டியை எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் கள்ளிக்காட்டிலிருந்து பைன் காட்டுக்குப் போய்விடலாம். அதனால் இப்போது ஒரே ஏற்பாடுதான். யாருக்குப் பிறந்தநாளோ அவர் இடத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கூடப் போக வேண்டும்.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு எழுபது. அப்பா போன பிறகு அம்மா தன் பிறந்தநாளைப் பற்றி வாயே திறப்பதில்லை. திண்டிவனத்தில் இருந்தால் அன்றைக்குக் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்துவிடுவாள், அவ்வளவுதான். அந்தச் சமயம் எங்களோடு இருந்தாள். எங்கே போகலாம் என்று கேட்டால், "எனக்கென்ன, நீங்க எங்க கூட்டிட்டுப் போறீங்களோ அங்க வர்றேன்" என்றாள். என் மகள் விடுவாளா? பாட்டியை சோபாவில் உட்காரவைத்து ஒவ்வொரு இடமாகப் படம் காட்டினாள். மான்யுமென்ட் வேலி, செடோனா, ஒயிட் சாண்ட்ஸ். அம்மா எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். கிராண்ட் கேன்யன் படத்தில் கூம்பாக நின்ற ஒரு சிகரத்தின் பெயரை மகள் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

விஷ்ணு கோயில். உண்மையாகவே அந்தச் சிகரத்துக்கு அதுதான் பெயர். 1880களில் அந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்து எழுதிய கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் வைத்தது. பள்ளத்துக்குள்ளிருந்து அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் பாறைகள் அவர் கண்ணுக்குக் கீழை நாட்டுக் கோயில்களாகத் தெரிந்திருக்கின்றன. சிவன் கோயில் என்றும் ஒரு சிகரம் உண்டு. பிரம்மா, ராமர், கிருஷ்ணர், புத்தர் பெயர்களிலும் சிகரங்கள் இருக்கின்றன. "அப்ப அங்கயே போவோம், பெருமாளைப் பார்த்த மாதிரி ஆச்சு" என்றாள் அம்மா. முடிந்தது.

பீனிக்ஸிலிருந்து ஒரே நாளில் கிராண்ட் கேன்யன் போய்த் திரும்பலாம், நிறையப் பேர் போகிறார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. ஒரு வழிக்கே மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி, கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி. கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். முதல் நாள் மெதுவாக ஏறி, அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் பார்ப்பதுதான் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் முதல் ஒரு மணி நேரம் சாலையின் இரண்டு பக்கமும் சவாரோ கள்ளிகள். கிளை விடவே ஐம்பது, அறுபது வருடம் எடுத்துக்கொள்ளும் செடி என்று மகள் சொன்னதும் அம்மா கிளை வைத்தவற்றையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டாள். மேலே ஏற ஏறக் கள்ளி மறைந்து புல்வெளி, புல்வெளி போய்க் குட்டை மரங்கள், ஃப்ளாக்ஸ்டாஃபை நெருங்கும்போது பைன் காடு. வெயில் காலத்தில் இந்த ஏற்றத்தில் எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது அக்டோபர் என்பதால் ஏசியே தேவைப்படவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு பைன் வாசனையோடு போனோம்.

பெரும்பாலானவர்கள் வில்லியம்ஸ் என்ற ஊர் வழியாக நேரே பூங்காவுக்குள் இருக்கும் கிராமப் பகுதிக்குப் போவார்கள். நாங்கள் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து யு.எஸ். 89 பிடித்து கேமரன் போய், அங்கிருந்து மேற்கே திரும்பிக் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தோம். கொஞ்சம் சுற்று. ஆனால் கூட்டம் குறைவு. மலை இறங்கியதும் வெட்டவெளி. செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பாட்டு நின்றது, மகளின் வீடியோவும் நின்றது.

அப்போதுதான் அம்மா பேச ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் அப்பாவின் லாம்பி ஸ்கூட்டரில் செஞ்சிக் கோட்டைக்குப் போனதை. வழியில் டயர் பஞ்சராகி, ஒரு டீக்கடை வாசலில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்களாம். கோட்டைக்குப் போய்ச் சேரவே இல்லை. "ஆனா அன்னிக்குத்தான் உங்கப்பா என்கிட்ட நிறையப் பேசினார்" என்றாள். முன் சீட்டில் கிழக்கும் மேற்கும் வெறும் சிவப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். இந்தக் கதையை நான் அதற்கு முன்னால் கேட்டதே கிடையாது. இவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "என்ன கலர் ஸ்கூட்டர் அத்தை?" என்று கேட்டார். "வெளிர் நீலம், மாப்பிள்ளை. சீட்டு மட்டும் கறுப்பு."

பிறந்தநாளுக்கு இந்தப் பக்கத்துச் சாலைகளை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணம் இதுதான். தூரம் அதிகம், நடுவில் ஊர் குறைவு. பேசாமல் வேறென்ன செய்வது?

கேமரனில் ஒரு வேடிக்கை. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் வழக்கம் அரிசோனாவில் இல்லை. ஆனால் நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியில் உண்டு. கேமரன் அந்த நிலத்தில் இருப்பதால் நவம்பர் தொடக்கம் வரை அங்கே போனதும் போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும். அங்கிருந்து பூங்காவுக்குள் போனால் பழையபடி பின்னால் வரும். அம்மாவின் பிபி மாத்திரைக்கு வைத்திருந்த அலாரம் குழம்பக் கூடாது என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்தே கொடுத்தேன். ஓட்டல் செக்-இன், சுற்றுலா நேரம் எதையாவது முன்பதிவு செய்திருந்தால், எந்த நேரப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரனில் 1916 முதல் இருக்கும் வணிக நிலையத்தில் சாப்பாடு. நவஹோ மக்களின் பொரித்த ரொட்டி வந்தது, பெரிய சோளாபூரி அளவுக்கு உப்பி, மேலே பீன்ஸும் நறுக்கிய தக்காளியுமாக. அம்மா கறி சாப்பிட மாட்டாள், அதனால் எந்த எண்ணெய், கறி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். இந்த ரொட்டியின் கதை சந்தோஷமானது இல்லை. 1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை வீட்டையும் வயலையும் விட்டுக் கிளப்பி நியூ மெக்ஸிகோவின் போஸ்க் ரெடோண்டோவுக்கு நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்தது. வழக்கமான சோளமும் பீன்ஸும் இல்லாமல் போக, ரேஷனாகக் கிடைத்த மாவையும் கொழுப்பையும் வைத்துச் செய்ததுதான் இது. 1868-ல் ஒப்பந்தம் போட்டுத் தங்கள் மண்ணுக்கே திரும்பினார்கள். இதைக் கேட்டபோது அம்மா கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, அப்புறம் எடுத்து ஒரு துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பூங்காவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் டெசர்ட் வியூ. மேரி கோல்டர் வடிவமைத்து 1932-ல் முடித்த கல் கோபுரம் விளிம்பிலேயே நிற்கிறது. உள்ளே ஹோபி பழங்குடி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி வரைந்த சுவரோவியங்கள். அங்கிருந்து கொலராடோ ஆறு தெரியும். மேற்கே கிராண்ட்வியூ முனையில் வண்டியை நிறுத்தி, வரைபடத்தை வைத்து விஷ்ணு கோயிலைக் கண்டுபிடித்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். வீட்டிலிருந்து எடுத்துவந்த சர்க்கரைப் பொங்கலை டப்பாவோடு அந்தத் திசைக்குக் காட்டிவிட்டு எங்களுக்குக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற வயதான அமெரிக்கத் தம்பதி என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மகள் விளக்கியதும் அவர்களும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் கேக் வெட்டல் அதுதான்.

மறுநாள் காலை குளிர் எலும்பைத் தொட்டது. மஃப்ளர், குல்லா, ஷாலோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு 'காலத்தின் பாதை'க்குப் போனோம். யவபாய் புவியியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராமப் பகுதி வரை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதை. தார் போட்டது, சமதளம், உட்கார பெஞ்சுகள் உண்டு. சக்கர நாற்காலியும் போகும். கிராண்ட் கேன்யனில் பெரியவர்களோடு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தரையில் மீட்டருக்கு ஒன்றாக வட்டக் குறிகள் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போகிறோம் என்று கணக்கு. வழியோரத்தில் அந்தந்தக் காலத்துப் பாறையைப் பள்ளத்துக்குள்ளிருந்து கொண்டுவந்து மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம்.

மகளுக்குக் கணக்கு பிடிக்கும். பாட்டியின் எழுபது வருடம் இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் வருடம். அப்படியானால் எழுபது வருடம் 0.07 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். அம்மா நின்று, நெற்றியில் பறந்த ஒரு நரைமுடியை விரலில் பிடித்துப் பார்த்தாள். "இவ்ளோதானா? இதுக்குள்ளதான் உங்கம்மா, உங்க மாமா, நீ எல்லாரும் இருக்கீங்களா?" என்று பேத்தியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துக்கொண்டது.

விளிம்பின் மேலே நாம் மிதித்து நிற்கும் கைபாப் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 27 கோடி. பள்ளத்தின் அடியில் கறுத்துக் கிடக்கும் பாறைக்குச் சுமார் 170 கோடி, அதற்கும் விஷ்ணு பெயர்தான். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து போய், அதன் மாதிரிக்கல்லைத் தொட்டுவிட்டுத்தான் அம்மா உட்கார்ந்தாள். மினுமினுப்பான கருங்கல், குளிரில் ஐஸாக இருந்தது. நடுவில் நான்கைந்து பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்க் காபி குடித்து, காலை முழுவதும் அதற்கே போனது. மதியத்துக்குப் போட்டிருந்த ஹோர்ஸ்ஷூ பெண்ட் (ஆறு லாடம் மாதிரி வளைகிற இடம்) திட்டத்தை அப்படியே விட்டுவிட்டோம். யாருக்கும் வருத்தமில்லை.

இன்னொன்று. பிள்ளை அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படித்தால் அந்த வருடம் தேசியப் பூங்காக்களுக்கு இலவச பாஸ் உண்டு. இணையத்தில் பதிந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் போனபோது காரில் இருந்த குடும்பம் முழுவதும் அதில் உள்ளே போக முடிந்தது. எங்கள் மகளுக்கு அது அந்த வருடம் பொருந்தியது.

அவள் பிறந்தநாள் மார்ச்சில். அவள் கேட்ட இடம் ஒயிட் சாண்ட்ஸ், நியூ மெக்ஸிகோ. வெறும் ஜிப்சம் மணல், 275 சதுர மைலுக்கு வெள்ளை வெளேர் என்று. வெயிலிலும் வெறுங்காலில் நடக்கலாம், சாதாரண மணல் மாதிரி சுடாது. பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்குவதுதான் பிள்ளைகளுக்குத் திருவிழா. அவளை மாலை வரைக்கும் கீழே இறக்க முடியவில்லை. பக்கத்தில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் சில நாள் சாலையை மூடிவிடுவார்கள், முதல் நாளே பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். திரும்பி மேற்கே வரும்போது எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி வரும். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் அவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) நகலும் கையில் இருக்கட்டும், உங்கள் கிரீன் கார்டோ விசாவோ அதுவும் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டு டிக்கியில் வைக்காதீர்கள். வழியில் ஐ-10 நெடுஞ்சாலையில் புழுதிக்காற்று அடிக்கும். எதிரே ஒன்றும் தெரியாமல் போனால் சாலையை விட்டு நன்றாக ஓரங்கட்டி, விளக்கையெல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவன் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதிவிடுவான்.

இவருக்கு ஜூலை. பீனிக்ஸில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும்போது ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஏறிவிடுவோம். 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவெல் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. மழைக்காலம் என்பதால் மதியத்தில் இடி மின்னல் வரும், பள்ளமான ஓடைகளில் திடீர் வெள்ளம் வரும். வெளியே நடப்பதைக் காலையிலேயே முடித்துக்கொள்வோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு கேலன், பாதி டேங்க் ஆனதும் பெட்ரோல், புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இவை இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை. ஐஸ்பெட்டியில் தயிர் சாதம் தனி.

அடுத்த ஐப்பசிக்கு அம்மாவே இடம் சொல்லிவிட்டாள். கிராமப் பகுதியில் ரயில் ஊதுகிற சத்தத்தைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பு. வில்லியம்ஸிலிருந்து தெற்கு விளிம்பு வரைக்கும் 1901-ல் தொடங்கிய பாதை அது, 1968-ல் பயணிகள் ரயில் நின்றுபோய் 1989-ல் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இரண்டே கால் மணி நேரப் பயணம். இந்தத் தடவை பெரியம்மாவும் வருகிறார். விசா கிடைத்துவிட்டது. இனி நாள் பார்த்து டிக்கெட் போட வேண்டியதுதான்.