மணமாகாதவர் சான்றிதழ்

அடுத்த வியாழக்கிழமை நானும் அவனும் நெதர்லாந்து கிளம்புகிறோம். எனக்கு ஐந்தோவனில் வேலை, அவனுக்கு அதே ஊரில் எம்.எஸ். எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

முதலில் யோசித்தது கனடாதான். தாலி கட்டாத ஜோடியையும் 'காமன் லா' துணை என்று அந்த நாடு ஏற்றுக்கொள்ளும். ஆனால் 12 மாதம் விடாமல் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், அதற்கு வாடகை ஒப்பந்தம், பில் என்று சான்றும் வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் பதினொரு வீடு பார்த்தோம். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "பேமிலியா, பேச்சலரா?" ஒரு வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "கல்யாணம் பண்ணிட்டு வாங்க, அட்வான்ஸ்ல பத்தாயிரம் குறைச்சுக்கறேன்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் சாவி கைக்கு வரவில்லை. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி யாரிடம் வீடு கேட்பது? கனடா அதோடு போச்சு. ஜெர்மனியில் துணை விசாவுக்குக் கல்யாணப் பதிவே வேண்டும்.

நெதர்லாந்தில் என் கம்பெனியே இருவருக்கும் சேர்த்து விண்ணப்பித்தது. இருவருக்கும் 21 வயது முடிந்திருக்க வேண்டும். எங்களுக்குள் இருப்பது நீடித்த உறவு, வேறு யாருக்கும் அதில் இடமில்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், இரண்டு பேருமே யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நம் அரசாங்கம் தரும் சான்று.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். நான்காம் நாள் வி.ஏ.ஓ. ஆதம்பாக்கம் வீட்டுக்கே விசாரணைக்கு வந்துவிட்டார். அம்மா மோர் கொடுத்தாள். மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். ரேஷன் கார்டைப் புரட்டியபடி, "எதுக்கும்மா இது? கவர்மென்ட் வேலையா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "வெளிநாட்டு வேலை சார்" என்று பாதியில் நிறுத்தினேன். அவர் அம்மாவிடம் திரும்பி, "மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றார்.

"பாத்தாச்சு சார்" என்றாள் அம்மா. "அவரோட போறதுக்குத்தான் இந்த சர்டிபிகேட்."

ஏழு மாதம் என்னோடு சரியாகப் பேசாதவள் சொன்னது அது. வி.ஏ.ஓ. ஒன்றும் கேட்கவில்லை, மோரைக் குடித்து முடித்தார். மாடி வீட்டு அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்துவிட்டார்.

அவனுடைய சான்றிதழ் நாகர்கோவிலில் வாங்கியது. அவன் அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் தாலுகா ஆபீஸுக்கு அவனை பைக்கில் கொண்டுபோய் விட்டது அவர்தான்.

"ஒரு ரிஜிஸ்டர் மேரேஜ் முடிச்சிட்டுப் போயிடுங்களேன்" என்று சொல்லாதவர்கள் இல்லை. அவன் கிறிஸ்தவன், நான் இந்து. அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு பதிவு செய்ய 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ் போட்டால் முடிந்துவிடும். நாள் கணக்கு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கல்யாணத்தை ஒரு விசா பாரத்துக்காக முடிக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் இரண்டு வீடும் வந்து உட்காரும் நாளில் செய்துகொள்வோம்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணையாகப் போவதால் அவன் எத்தனை மணி நேரமும் வேலை பார்க்கலாம். மாணவராகப் போயிருந்தால் வாரம் 16 மணி நேரம்தான், அல்லது கோடையில் மூன்று மாதம் முழுநேரம். ஆனால் அங்கே தங்க அவனுக்குக் கிடைக்கும் அனுமதி என் அனுமதியைப் பிடித்துத் தொங்குகிறது. என் வேலை போனால் அடுத்தது தேட மூன்று மாதம். நாங்கள் பிரிந்தால் அவன் அங்கே இருப்பதற்கான காரணமே போய்விடும். இதைப் பேசத்தான் பெரிய தயக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர் மணலில் உட்கார்ந்து பேசிவிட்டோம். அட்மிஷன் அவனுடையது, அதனால் மாணவர் அனுமதிக்கு மாற முயற்சி செய்யலாம். அதற்குத் தேவைப்படும் பணத்தை அவன் பெயரில் தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம், நான் தொட மாட்டேன். பிரிவதைப் பற்றிப் பேசினால் பிரிந்துவிடுவோம் என்று பயந்திருந்தேன். அன்று இரவு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது அவன் கையை விடவே தோன்றவில்லை.

ஒரு நாள் என் சான்றிதழ் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசு அத்தாட்சி) ஆகிக் கூரியரில் வந்தது. பின்பக்கத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் சதுர ஸ்டிக்கர். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, 'மணமாகாதவர்' என்ற வரியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவந்து, ஒன்றை பீரோவில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு வைத்தாள்.

"இது எதுக்கும்மா?"

"இருக்கட்டும்."