கசிவை யாரும் கேட்கவில்லை: தம்பலகாமத்தில் பயோகாஸ் தொட்டி கட்டிய அனுபவம்

வைகாசியில் படிவம் வாங்கினேன். அடுப்பில் நீலச் சுவாலை நின்று எரிந்தது மாசியில். நடுவில் ஏழு தரம் கந்தோருக்கு அலைந்தேன், ஒரு மாரி மழையோடு மல்லுக்கட்டினேன், சரியாகப் பொருத்தாத ஒரு இரும்புக் குழாயால் பல இரவு தூக்கம் கெட்டது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கம் மாடு வைத்திருக்கிற யாராவது மானியத்தில் பயோகாஸ் (சாணவாயு) தொட்டி கட்ட யோசித்தால், அதே அலைச்சல் உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது 2022 இல், காஸ் வரிசையில் வெறும் சிலிண்டரோடு நின்ற நாட்களில். பிறகு மாடு வளர்ப்போருக்கு நடந்த ஒரு வகுப்பில் மிருக வைத்தியர் சொன்ன ஒரு விஷயம் மனதில் தைத்துவிட்டது. சாணம் காற்றுப்படாமல் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் மீதேன் என்ற எரியும் வாயு வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீதேன் பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 27 மடங்கு. அதைப் பிடித்து எரித்தால் சமையலும் ஆகும், கெடுதலும் குறையும். ஆறு மாட்டின் சாணம் மாரியில் பட்டியில் கூழாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகியவள் நான். அன்றைக்கே முடிவு எடுத்தேன்.

முதல் முட்டுக்கட்டை காணிப் பத்திரம். எங்கள் வளவு பெமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பெமிற் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா காலமாகி நாலு வருடம். கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பெமிற் உங்கட பேரில இல்லையே அக்கா. மாத்திக்கொண்டு வாங்க."

பெயர் மாற்றுவது எத்தனை நாள் வேலை என்று காணி அலுவல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நானும் அவர் சொன்னதை நம்பி அதற்கே அலைந்தேன். வைகாசியும் ஆனியும் அப்படியே போய்விட்டன. ஆடியில் தற்செயலாகக் காணிப் பிரிவில் வேறொரு உத்தியோகத்தரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "அம்மா உயிரோட இருக்கிறாதானே? மனைவி என்ற முறையில் காணியை அனுபவிக்கிற உரிமை அவவுக்கு இருக்கு. அவவின்ட சம்மதக் கடிதத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்தித் தந்தால் இந்த மானியத்துக்குப் போதும்." அம்மா ஒப்பம் வைக்க ஒரு நிமிடம் ஆனது. கிராம சேவகர் அடுத்த நாளே முத்திரை குத்தித் தந்தார். இரண்டு மாதம் வீணாகப் போனது ஒரு கடிதத்துக்காக. ஆகவே பெமிற் உங்கள் பெயரில் இல்லையென்றால், "மாற்றித்தான் ஆகவேண்டுமா, சம்மதக் கடிதம் போதுமா?" என்று முதல் நாளே கேளுங்கள். ஒருவரிடம் கேட்டதோடு நிறுத்தாதீர்கள்.

அப்புறம் மாடுகளின் பதிவு. ஒரு நாகின் காதில் இருந்த இலக்கத் தகடு வேலியில் சிக்கி விழுந்துவிட்டது. ஆறு மாடு என்று எழுதி ஐந்து இலக்கம் கொடுத்ததால் படிவம் திரும்பி வந்தது. போகுமுன் ஒவ்வொரு காதையும் பாருங்கள்.

அளவு விஷயத்தில்தான் நான் கொஞ்சம் விழிப்பாக இருந்தேன். படிவத்தில் ஒரே அளவு: 8 கன மீற்றர். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் என்ற கணக்கு அது. கொட்டிலிலேயே கட்டி வளர்க்கிற மாட்டுக்கு அது சரி. எங்கள் மாடுகள் பகலில் வயல்வெளியில் மேய்ந்து இரவில் மட்டும் பட்டிக்கு வருபவை, உடம்பாலும் சிறியவை. நெல் நிறுக்கிற தராசில் ஒரு கிழமை விடியற்காலையில் சாணத்தை நிறுத்துப் பார்த்தேன். ஆறு மாட்டுக்கும் சேர்த்து 27 கிலோவுக்கு மேல் ஒரு நாளும் வரவில்லை. ஒரு கிலோ சாணத்துக்கு 40 லீற்றர் வாயு என்று வைத்தால் நாளுக்கு ஒரு கன மீற்றர், ஒரு அடுப்பு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே எரியும். அதற்கு 8 கன மீற்றர் தொட்டி பெரிது. சிறியதாகக் கட்டலாமா என்று கேட்டேன். "படிவத்தில இருக்கிறதுக்குத்தான் மானியம்" என்றார்கள். கடைசியில் அடுத்த வளவு மச்சாளோடு பேசி, அவளுடைய ஐந்து மாட்டின் சாணமும் தள்ளுவண்டியில் இங்கே வருவது, தொட்டியிலிருந்து வெளியே வருகிற கரைசலில் பாதி அவளுடைய வயலுக்குப் போவது என்று ஒழுங்கு செய்துகொண்டேன். 2021 இல் உரம் இல்லாமல் பட்ட பாடு இருவருக்கும் நினைவிருந்ததால் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அனுமதி கைக்கு வந்தது புரட்டாதிக் கடைசியில். மேசன் கிடைத்தது ஐப்பசியில். கிண்ணியாவிலிருந்து வந்த நானா, நல்ல கைவேலைக்காரர். ஆனால் வாடைக்காற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆறடி வெட்டுமுன்பே அடியில் ஊற்று எடுத்துவிட்டது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் நிலத்தில் மாரியில் குழி வெட்டினால் வேறென்ன நடக்கும்? காலையில் மோட்டர் வைத்து இறைப்பது, மதியம் கல் கட்டுவது, இரவு மழையில் திரும்பவும் நிரம்புவது. வளைந்த கூரை முடிகிற நாளில், வாயு வெளியே வரும் இரும்புக் குழாயை உச்சியில் நட்டு சீமெந்து போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மழை கொட்டியது. மூடிய தறப்பாள் காற்றில் அடித்துக் குழாயில் மோதியது. நானா கையால் நிமிர்த்திவிட்டு, "கொஞ்சம் அசைஞ்சு போச்சு தங்கச்சி, மேல பூசினா நிக்கும்" என்றார். நானும் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பிறகு அழுதேன்.

கார்த்திகையில் கந்தோரிலிருந்து பார்க்க வந்தார்கள். தொட்டி மூடியிருக்கிறதா, பெயர்ப்பலகை வைத்தாயிற்றா என்று பார்த்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாயு நிற்கிறதா, கசிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவது தவணைப் பணம் அந்தப் படத்துக்கே வந்துவிட்டது. தொட்டிக்குள் அப்போது ஒரு கூடை சாணம்கூடப் போடவில்லை.

முதல் நிரப்புக்கு எவ்வளவு சாணம் தேவை என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீரும் சாணமும் சமன் பாகம் என்று வைத்தால் எனக்கு ஏறக்குறைய 3,000 கிலோ. அயலில் உள்ள பட்டிகளிலிருந்து லேண்ட்மாஸ்டரில் ஏற்றினோம். பட்டிச் சாணத்தில் மணல் இருக்கும், அது அடியில் படிந்து தொட்டியைத் தூர்த்துவிடும். வாளியில் கரைத்து, மணல் தங்கவிட்டு, மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். கொட்டில் கழுவிய பினைல் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. வாயுவை உண்டாக்குகிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

முதலில் வருகிற வாயு எரியாது, அதில் கரியமில வாயுதான் கூட. அதைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று கிழமை பொறுத்தேன். பிறகு எரிந்தது, ஆனால் பத்து நிமிடம்தான். சாணம் போதாது என்றார் ஒருவர், குளிர் என்றார் இன்னொருவர். திரும்ப அந்த மிருக வைத்தியருக்கே தொலைபேசி எடுத்தேன். அவர் சொன்னபடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, நீலம் கரைத்த தண்ணீரைப் பாதிக்கு ஊற்றி, ஒரு நுனியை வாயுக் குழாயில் மாட்டினேன். பின்னேரம் இரு பக்கத்துத் தண்ணீருக்கும் இடையில் இரண்டு சாண் வித்தியாசம். பென்சிலால் கோடு போட்டேன். அடுப்பு வால்வைப் பூட்டிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமன்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. என் காஸ் போனதற்காக மட்டும் இல்லை. ஒரு கன மீற்றர் சாணவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீதேன், நிறையில் 400 கிராம் வரும். அது எரியாமல் அப்படியே போனால் 11 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமன். வெயிலில் பரந்து காய்ந்த சாணத்தில் மீதேன் கொஞ்சம்தான் வரும். அதைக் கொண்டுவந்து காற்றுப்படாத தொட்டியில் ஊறவைத்து, மீதேனாக்கி, வெடிப்பால் வெளியே விடுவதென்றால் தொட்டி கட்டாமலே இருந்திருக்கலாம். பெயர்ப்பலகையில் சுற்றாடல் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேதான் இது கசிந்துகொண்டிருந்தது.

சவர்க்கார நுரையைக் குழாய் மூட்டுகளில் எல்லாம் தடவினோம், ஒன்றும் இல்லை. உச்சியில் மண்ணை விலக்கி, குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் நுரை வைத்ததும் சோற்றுப்பானை மாதிரிக் கொதித்தது. நானாவைக் கூப்பிட்டேன். அவர் தன் செலவிலேயே வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வாயுவை முழுதாக வெளியேற்றி, பக்கத்தில் பீடி நெருப்புக்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, பழைய சீமெந்தைக் கொத்தி, எமல்ஷன் பெயின்ற் கலந்த சீமெந்தால் இறுக்கி, சுற்றி ஒரு சிறிய கழுத்துக்கட்டும் கட்டினார். ஒரு கிழமை ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் இறங்காதீர்கள், ஆளை உடனே மயக்கிவிடும்.

அதற்குப் பிறகு மூன்று இரவு தொடர்ந்து பார்த்தேன். பென்சில் கோட்டிலிருந்து தண்ணீர் ஒரு விரற்கடை மட்டுமே இறங்கியிருந்தது.

மாட்டின் கணக்கில் சாணம் சின்னப் பங்குதான். பெரும்பங்கு மீதேன் அது அசைபோடும்போது வாயால் விடுகிற ஏப்பத்தில் போகிறது, அதைத் தொட்டியால் பிடிக்க முடியாது. வெறும் வைக்கோல் தின்கிற மாடு பால் குறைவாகக் கறக்கும், ஒரு லீற்றர் பாலுக்கு விழுகிற மீதேன் கூடும். ஆகவே இந்தப் போகத்து வைக்கோலை எரிக்க விடாமல் வாங்கி, 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் மூடி வைத்திருக்கிறேன். மூன்று கிழமை கழித்துத் திறந்து, காரநெடி போன பிறகுதான் கொடுக்கவேண்டும். கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது, யூரியாத் தண்ணீரை மாடு குடித்துவிடவும் கூடாது.

மூன்று வளவு தள்ளி இருக்கிற ஒரு தங்கச்சியும் இப்போது படிவம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய காணியும் தகப்பனின் பெயரில்தான். அம்மாவின் சம்மதக் கடிதத்தின் பிரதியையும் நீலத் தண்ணீர்ப் பலகையையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஆடிக்குள் குழி வெட்டி முடிக்கவேண்டும் என்று நானாவிடமும் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.