சன் ஹியுங்-மின்னைத் தனித்தலைப்பாக எடுப்பவர்களுக்கு: ஆண்டை இரண்டு முறை எழுதுங்கள்

குவிஸ் போட்டியின் முடிவு வந்துவிட்டது, மனசு லேசாகிவிட்டது. அடுத்த முறை தனித்தலைப்புச் சுற்றுக்கு (நாமே தேர்ந்தெடுத்த ஒரே தலைப்பில் கேள்வி வரும் சுற்று) தென் கொரியக் கால்பந்து வீரர் சன் ஹியுங்-மின்னை எடுக்க நினைப்பவர்களுக்காக, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். பஸ்ஸர், பாஸ், நெகட்டிவ் மார்க் விதிகளெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை.

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள். பெயரில் ஒட்டியிருக்கும் ஆண்டு ஒன்று, அது நடந்த நாள் இன்னொன்று. இந்தத் தலைப்பில் மார்க் போவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அவருக்குக் கிடைத்தது சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது, 2020-ஆம் ஆண்டுக்கு. அந்த கோல் அடிக்கப்பட்டதோ 2019 டிசம்பர் 7, பர்ன்லிக்கு எதிராக. கொரியா ஜோர்டானிடம் 0-2 என்று தோற்று வெளியேறியது 2023 ஆசியக் கோப்பையில். ஆட்டம் நடந்தது 2024 பிப்ரவரி 6. கோல்டன் பூட் (பிரீமியர் லீகில் அதிக கோல் போட்டவருக்கான விருது) 2021-22 சீசனுக்கு, முடிவானது 2022 மே 22. கேள்வியில் 'எந்த ஆண்டு' என்று வந்தால் எதைக் கேட்கிறார்கள் என்று அரை வினாடியில் பிடிக்க வேண்டும். படிக்கும்போதே இரண்டையும் சேர்த்து எழுதிப் பழகாதவருக்கு அந்த அரை வினாடி போதாது.

அட்டை முறையைத்தான் சொல்வேன். வீடியோ தொகுப்பு பார்த்துப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோல் கண்ணில் நிற்கும், தேதி நிற்காது. 40 அட்டை போதும், 60-ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றிலும்:

- மேல் இடது மூலையில் பெயரில் உள்ள ஆண்டு அல்லது சீசன்
- மேல் வலது மூலையில் நடந்த தேதி
- நடுவில் எதிரணி, ஸ்கோர், இடம்
- கீழே ஒரே வரி: இதை ஏன் கேட்பார்கள்

அந்தக் கடைசி வரி எழுத வராவிட்டால் அட்டையைக் கிழித்துப் போடுங்கள்.

கிளப்புக்கு ஒரு நிறம், தேசிய அணிக்கு வேறு நிறம். கலந்து அடுக்கினால் 2018-லும் 2019-லும் நிச்சயம் குழம்பும்.

ஜெர்மனி காலத்துக்கு ஐந்து அட்டைக்கு மேல் செலவழிக்காதீர்கள். 2008-இல் 16 வயதில் ஹாம்புர்க் இளையோர் பிரிவுக்குப் போனது. 2010 அக்டோபர் 30, கொலோனுக்கு எதிராக முதல் பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) கோல். ஹாம்புர்க் அணிக்காக லீகில் கோல் போட்டவர்களில் மிக இளையவர் என்ற சாதனையை மான்ஃப்ரெட் கால்ட்ஸிடமிருந்து அது பறித்தது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஹாம்புர்க் 2-3 என்று தோற்றது. இந்த 'ஆனால்' கேள்வியாக வரும். 2013-இல் லெவர்குசன், அதே நவம்பரில் பழைய அணி ஹாம்புர்க்குக்கு எதிராகவே ஹாட்ரிக், 5-3. 2015 பிப்ரவரியில் வுல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக இன்னொரு ஹாட்ரிக், அதில் லெவர்குசன் 4-5 என்று தோற்றது. இரண்டு ஹாட்ரிக்கையும் ஒரே அட்டையில் எழுதாதீர்கள். அவசரத்தில் ஸ்கோர் இடம் மாறிவிடும்.

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் ராணுவச் சேவை. இதைப் புரிந்துகொள்ளாமல் சன்னைப் படித்ததாகவே சொல்ல முடியாது. கொரிய ஆண்களுக்கு அது கட்டாயம். விளையாட்டு வீரருக்கு விலக்கு வேண்டுமென்றால் ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம். வெள்ளி போதாது. இதை வைத்துக்கொண்டு வரிசையைப் பாருங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்: கொரியா வெண்கலம், சன் அணியில் இல்லை. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு: கொரியா தங்கம், லெவர்குசன் அவரை விடவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்: அவர் ஆடினார், காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1. அணி வென்ற இரண்டு முறையும் அவர் இல்லை, அவர் இருந்த முறை அணி வெல்லவில்லை. இந்த வரிசையை மனதில் வைத்தால்தான் 2018 இந்தோனேசிய ஆசிய விளையாட்டின் கனம் புரியும். அப்போது அவருக்கு 26 வயது. 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் வயது மீறிச் சேர்க்கப்பட்ட மூவர்: சன், ஹ்வாங் உய்-ஜோ, கோல்கீப்பர் ஜோ ஹியோன்-வூ. குரூப் சுற்றில் மலேசியாவிடம் 1-2 என்று தோல்வி. கிர்கிஸ்தானை வென்ற 1-0 ஆட்டத்தின் கோல் சன்னுடையது. காலிறுதியில் உஸ்பெகிஸ்தானை 4-3 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். அரையிறுதியில் வியட்நாம் 3-1. இறுதி செப்டம்பர் 1, ஜப்பான், 90 நிமிடம் 0-0, கூடுதல் நேரத்தில் 2-1.

இறுதிப் போட்டியில் கோல் போட்டது யார் என்று கேட்டால் பலர் 'சன்' என்று பஸ்ஸரை அழுத்துகிறார்கள். இல்லை. லீ சியுங்-வூ, ஹ்வாங் ஹீ-சான். இரண்டுக்கும் அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய பாஸ்) தான் சன். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பந்தயத்தில் கோல் போடாமல் வாங்கிக் கொடுத்த ஆள் அவர். எனக்கு அவரை மிகவும் பிடித்த ஆட்டம் அதுதான்.

விலக்கு என்றால் முழு விலக்கும் அல்ல. அடிப்படைப் பயிற்சி உண்டு, சமூக சேவை மணிநேரமும் உண்டு. 2020 ஏப்ரல் 20 முதல் மே 8 வரை, கொரோனாவால் லீக் நின்றிருந்தபோது, ஜெஜு தீவில் கடற்படைக் காலாட்படை முகாமில் மூன்று வாரப் பயிற்சியை முடித்தார். இடமூலையில் '2018 தங்கம்', வலமூலையில் '2020 பயிற்சி' என்று ஒரே அட்டையில் இருக்கட்டும்.

அடுத்தது 2019. இதற்குத் தனிக் கட்டு வேண்டும். மாதவாரியாக:

- ஏப்ரல் 3: அப்போதைய அவரது லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமின் புதிய மைதானத்தில் முதல் லீக் கோல், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக
- ஏப்ரல் 9, 17: சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முதலில் ஒன்று, பிறகு இரண்டு. மொத்தம் 4-4, வெளிமைதான கோல் விதியால் (மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவர்களுக்கே வெற்றி என்ற அன்றைய விதி) டாட்டன்ஹாம் உள்ளே
- மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் அயாக்ஸுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் இல்லை
- மே 4: போர்ன்மவுத், சிவப்பு அட்டை
- ஜூன் 1: மாட்ரிட்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, லிவர்பூலிடம் 0-2
- நவம்பர் 3: எவர்டன், சிவப்பு அட்டை, மேல்முறையீட்டில் ரத்து
- நவம்பர் 6: ரெட் ஸ்டாருக்கு எதிராக இரண்டு கோல். ஐரோப்பாவில் 121 கோல் என்ற சா பம்-குன்னின் கொரியச் சாதனையைத் தாண்டினார்
- டிசம்பர் 7: பர்ன்லி
- டிசம்பர் 22: செல்சி, மீண்டும் சிவப்பு

எவர்டன் ஆட்டத்தில் தான் தடுத்ததைத் தொடர்ந்து எதிரணியின் ஆந்த்ரே கோமேஸுக்குக் கணுக்கால் முறிந்ததைப் பார்த்து நிலைகுலைந்து போனவர், மூன்றே நாளில் பெல்கிரேடில் கோல் போட்டுவிட்டு கேமரா முன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று இல்லாமல் இன்னொன்று நினைவில் நிற்காது.

பர்ன்லி கோலை எத்தனை முறை பார்த்தாலும் நான்கு விவரம் மட்டும் எடுங்கள்: 32-வது நிமிடம், பந்து கொடுத்தது யான் வெர்டோங்கன், ஓட்டம் தொடங்கியது சொந்தப் பெனால்டி பகுதியின் விளிம்பில், ஆட்டம் 5-0. பயிற்சியாளர் மொரீன்யோ. எத்தனை பேரைத் தாண்டினார் என்று எண்ணி நேரத்தைக் கொல்லாதீர்கள். ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வொரு எண் இருக்கும், அதனால் நல்ல குவிஸ் மாஸ்டர் அதைக் கேட்கமாட்டார்.

கோல்டன் பூட்டில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் விடை தவறு. அவர் அதை லிவர்பூலின் சாலாவுடன் பகிர்ந்துகொண்டார், இருவருக்கும் 23. சன்னின் 23-இல் பெனால்டி ஒன்றுகூட இல்லை. கடைசி நாளில் நார்விச்சை 5-0 என்று வென்றபோது அவருக்கு இரண்டு, அதே மாலை வுல்வ்ஸுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கிய சாலாவுக்கு ஒன்று. டாட்டன்ஹாம் கூட்டாளி ஹாரி கேனும் அவரும் ஒருவர் கொடுக்க மற்றவர் அடித்த 47 பிரீமியர் லீக் கோல்களையும் இந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதுங்கள். 2020 செப்டம்பர் 20 சவுத்தாம்ப்டன் ஆட்டத்தில் சன்னின் நான்கு கோலுக்கும் அசிஸ்ட் கேன்தான்.

உலகக் கோப்பையில் 2022 வரை மூன்று கோல்: 2014 அல்ஜீரியா, 2018 மெக்சிகோ, 2018 ஜெர்மனி. கத்தாரில் முகமூடியோடு ஆடியபோது கோல் இல்லை, போர்ச்சுகலுக்கு எதிராக ஹ்வாங் ஹீ-சானுக்குக் கொடுத்த அசிஸ்ட்தான். 2018-இல் கசான் நகரில் ஜெர்மனிக்கு எதிராகப் போட்ட கோலில் பொறி இருக்கிறது: ஜெர்மனி கோல்கீப்பர் நாயர் எதிர்ப்பாதி வரை ஏறி வந்திருந்தார், அவரிடமிருந்து பந்தைப் பறித்தது ஜு சே-ஜோங், அவர் தூக்கி அனுப்பியதைத் துரத்திப்போய் காலி வலையில் தள்ளியதுதான் சன். பறித்தவர் பெயரைத்தான் கேட்பார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு இலவச மார்க். சன்னின் முதல் சர்வதேச கோல் இந்தியாவுக்கு எதிராக, 2011 ஜனவரி 18, தோஹா, ஆசியக் கோப்பை, கொரியா 4-1. நமக்கு சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்று போட்டார்.

தந்தை சன் வூங்-ஜங் பற்றி ஒரு அட்டை: முன்னாள் வீரர், அக்கிலீஸ் காயத்தால் 28 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர், மகனுக்கு வருடக்கணக்காகப் பந்தைக் கட்டுப்படுத்தும் அடிப்படைப் பயிற்சியையே கொடுத்தவர். ஊர் சுன்ச்சியோன், கங்வான் மாகாணம். சியோல் என்று சொல்லி மார்க் விடாதீர்கள்.

முடிந்துபோன கணக்கு: டாட்டன்ஹாமில் 454 ஆட்டம், 173 கோல். அவற்றில் பிரீமியர் லீக் 127. 2025 மே 21 பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி, மான்செஸ்டர் யுனைடெட்டை டாட்டன்ஹாம் 1-0 என்று வென்றது, கோல் பிரென்னன் ஜான்சன், சன் மாற்று வீரராக இறங்கினார். இவற்றை மையால் எழுதலாம். 2025 ஆகஸ்டில் அவர் மாறிப்போன லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி கணக்கும் தேசிய அணிக் கணக்கும் பென்சிலில் மட்டும். சா பம்-குன்னின் 58 சர்வதேச கோல் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சன்னின் எண்ணைப் போட்டி நடக்கும் நாள் காலையில் பார்த்து எழுதுங்கள், முந்தின இரவு வேண்டாம். கொரியாவின் நட்பு ஆட்டங்கள் நம் விடியற்காலையில்கூட முடியும்.