நுவரெலியாவில் அறை, கொழும்பில் திறப்பு

இதை எழுதுகிற நேரத்திலும் முதுகு பிடித்தபடிதான் இருக்கிறது. போன கிழமை நுவரெலியாவில் ஒரு ஸ்டோர் அறைக்குள் இருந்து அறுபத்து நான்கு பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கி வெளியில் வைத்தேன். அதில் ஒன்றுகூட என்னுடையதில்லை. அறைக்கு வாடகை கட்டுகிறவன் மட்டும் நான்.

என் பெரியம்மா நுவரெலியாவில் இருபத்தாறு வருடம் படிப்பித்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் அந்தக் குளிரை விட்டு வர மனமில்லாமல் அதே வாடகை வீட்டில் இருந்துவிட்டார். இந்த வருடம் முழங்கால் மோசமாகி, வைத்தியம் பார்க்க எங்களோடு வெள்ளவத்தையில் வந்திருக்கச் சம்மதித்தார். வீட்டுக்காரருக்கு அது போதும். மார்ச் முடிவதற்குள் வீட்டைத் தரச் சொன்னார். ஏப்ரலில் அந்த வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் வருகிற காசு, வயதுபோன ஒரு டீச்சர் மாதாமாதம் கொடுப்பதைவிட எத்தனையோ மடங்கு. ஆளைக் கோவித்துப் பயனில்லை. அந்த ஊரே அந்த ஒரு மாதத்தை வைத்துத்தான் வருடத்தை ஓட்டுகிறது.

எங்கள் பிளாட்டில் இரண்டு அறை, நாலு சீவன். சாமான்களை விற்றுவிடலாம் என்று மெல்லக் கதையை எடுத்தேன். "நான் இன்னும் சாகேல்லைத் தம்பி. கால் சுகமானதும் திரும்பிப் போவன்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது. பலாமரக் கட்டில், கண்ணாடி வைத்த அலுமாரி, கால்மிதி தையல் மெஷின், ஒரு தகர ட்ரங்குப் பெட்டி, இருபது பெட்டி புத்தகம். எல்லாவற்றையும் எங்கேயாவது வைக்க வேண்டும்.

முதலில் கொழும்பில்தான் தேடினேன். சதுர அடிக் கணக்கில் அறை விடுகிற இடங்கள் இப்போது இங்கே உண்டு. நல்ல சுத்தம், கமரா, வாசலில் பதிவுப் புத்தகம். போய்ப் பார்த்தேன், பிடித்திருந்தது. பிறகு கவுண்டரில் இருந்த பிள்ளை முகவரியை உறுதிப்படுத்த மின்சார பில் கேட்டார். கொடுத்தேன். "இது உங்கட பேரில் இல்லையே" என்றார். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பில் எப்போதும் வீட்டுக்காரரின் பேரில், வீட்டுக்காரர் எப்போதும் டொரொண்டோவில். அவரிடம் ஈமெயிலில் ஒரு கடிதம் எடுத்துக் கொடுத்தேன். கையொப்பமிட்ட அசல் வேண்டுமாம். அது தபாலில் வந்து சேர்வதற்குள் மார்ச் முடிந்துவிடும்.

சரி, கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுப்போம் என்று போனேன். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், வாக்காளர் இடாப்பைப் புரட்டினார். என் பெயர் இன்னும் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் கிடக்கிறது. பதினாலு வருடமாக அதை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "ஹெட்ட எண்ட" என்றார், பழக்க தோஷத்தில். நாளைக்கு வந்தால் மட்டும் இடாப்பில் என் பெயர் முளைத்துவிடுமா என்ன. யுத்த காலத்தில் இதே வெள்ளவத்தையில் பொலிஸ் பதிவு இல்லாமல் ஒரு இரவு நிம்மதியாகப் படுத்தெழும்ப முடியாது. அப்போது என்னிடம் எல்லாப் பதிவும் இருந்தது. இப்போது ஒரு கட்டிலை வைப்பதற்குப் பதிவில்லை.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் வீடு காலி செய்யப் பேசியிருந்த லொறிக்காரர் ஒரு வழி சொன்னார். "பிளக்பூல் பக்கம் ஒரு பழைய மரக்கறி ஸ்டோர் இருக்குங்க. இப்ப அறை அறையா அடைச்சு வாடகைக்கு விடுறாங்க. சாமானைக் கொழும்புக்கு எறக்கி மறுபடி ஏத்துறதுக்கு இங்கேயே போட்ருங்களேன்." பெரியம்மாவுக்கும் அது பிடித்துவிட்டது. சாமான் நுவரெலியாவில் இருந்தால் தானும் பாதி அங்கே இருக்கிற மாதிரி.

முதலாளியோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம்தான் கதைத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மாதம் பதினாலாயிரம், மூன்று மாத முற்பணம். அடையாள அட்டை கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, முகவரிகூடக் கேட்கவில்லை. கொழும்பில் பட்ட பாட்டுக்கு இது தேன் மாதிரி இருந்தது. கொப்பி ஒற்றையைப் பாதியாகக் கிழித்து எழுதிய ரசீதை வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்த ரசீதைப் பார்த்துச் சட்டம் படித்த என் மச்சான் சிரித்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தின் முன் நிற்கும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றான். "வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தை ஒரு கட்டிலுக்கும் அலுமாரிக்கும் கொண்டு வராதை" என்று அவன் வாயை அடைத்தேன். இப்போது அவனுடைய அழைப்பு வந்தால் எடுப்பதில்லை.

சாமான் ஏற்றி இறக்கியது ஒரே நாளில், ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. லொறிக்காரர் தங்கமான மனிதர். அறைக்கு இரண்டு திறப்பு. ஒன்றை என்னிடம் தந்தார்கள், மற்றது முதலாளியிடம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த இடத்திலேயே இருந்தது, கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் கிழமை பெரியம்மாவின் பென்ஷனை இந்தப் பக்கம் மாற்றலாம் என்று திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போனோம். ஓய்வூதிய அட்டையைக் கேட்டார்கள். பெரியம்மா கைப்பையைத் துழாவினார், பிறகு என்னைப் பார்த்தார். "ட்ரங்குப் பெட்டிக்குள்ளை தம்பி. பத்திரமா இருக்கட்டும் எண்டு நான்தான் வைச்சனான்." ட்ரங்குப் பெட்டி பிளக்பூலில்.

புது வருட லீவு தொடங்க முன்னம் ஓடிப்போய் எடுத்து வருவோம் என்று ஏப்ரல் 11ஆம் திகதி விடியப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்தியத்தோடு அங்கே சீசன் தொடங்கிவிடும். குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, கார் ஓட்டப் போட்டி என்று நாட்டில் பாதி அந்த ஒற்றை வீதியில் ஏறும். மற்ற நாளில் ஆறு மணித்தியாலத்தில் போகிற பயணம். அன்றைக்கு கினிகத்தேனையிலேயே வாகனம் நகரவில்லை, தலவாக்கலை தாண்டும்போது பின்னேரம். நானுஓயாப் பக்கம் ரதல்ல குறுக்கு வழியால் ஏறி நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று பின் சீற்றில் ஒருவர் கத்தினார். 2023 ஜனவரியில் அந்த இறக்கத்தில் பஸ்ஸும் வானும் மோதி ஏழு பேர் போனார்கள். கொண்டக்டர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ஸ்டோர் வாசலில் நின்றேன், கையில் திறப்போடு. அறைக்கான திறப்பு அது. அறைக்கு முன்னால் ஒரு வெளிக் கேற் இருக்கிறது. அதில் இரண்டு விரல் தடிப்புச் சங்கிலி, ஒரு ஆமைப்பூட்டு. பக்கத்துக் குடிசையில் இருந்து காவல்காரர் வந்தார்.

"கேட்டு சாவி நம்மகிட்ட இல்லீங்க தம்பி. மொதலாளி கண்டிக்குப் போயிட்டாரு. புது வருசம் முடிஞ்சுதான் வருவாரு."

முதலாளிக்கு ஏழு தரம் அழைத்தேன். ஆறு தரம் மணி அடித்தது, ஏழாவது தரம் போன் ஓஃப். மழை பிடித்துக்கொண்டது. தங்க இடம் கேட்டால் ஒரு இரவுக்கு என் இரண்டு மாத ஸ்டோர் வாடகையைச் சொல்கிறார்கள், அதுவும் இடமிருந்தால். காவல்காரர் பாவம், ஒரு கோப்பை பிளேன்ரீ தந்து இருக்கச் சொன்னார். இரவு பஸ்ஸில் நின்றபடி ஹற்றன் வரை, பிறகு இருந்தபடி கொழும்பு. விடிய வீட்டுக்கு வந்தால் பெரியம்மா முதல் கேட்டது, "தையல் மெஷினுக்கு மேலை துணி போட்டிருந்ததே?"

இரண்டாம் பயணம் 23ஆம் திகதி. முதலாளி இந்த முறை போன் எடுத்தார், கேற்றும் திறந்திருந்தது. ஷட்டரை உயர்த்தினேன். உள்ளே என் சாமானைக் காணவில்லை. கண்ணுக்கெட்டியது முழுக்கக் கதிரை, அதற்குப் பின்னால் கிரகரி வாவிக் கரையில் சீசனுக்குப் போட்ட கடைகளின் இரும்புச் சட்டங்கள், மடித்த தறப்பாள், ஒரு சோளம் அவிக்கிற பெரிய கிடாரம். எனக்கு நெஞ்சு ஒருக்கால் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் கடைசியில் அலுமாரியின் உச்சி தெரிந்தது.

முதலாளி சாவகாசமாகச் சொன்னார், "இடம் சும்மாதானே கிடந்தது." முன்பக்கம் ஆறடி வெறுமையாக விட்டது உண்மை. பெட்டிகளை எடுத்து வைக்க நடை வேண்டும் என்று நானே யோசித்து விட்ட இடம் அது. நான் சத்தம் போட்டேன். அவர் என் அரைத்தாள் ரசீதைக் கேட்டார். அதில் "சாமான் வைக்க" என்று மட்டும்தான் இருக்கிறது, யாருடைய சாமான் என்று இல்லை. அந்த நேரம் 1840 ஞாபகம் வந்தது.

காவல்காரரும் நானும் இரண்டு மணித்தியாலம் தூக்கினோம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன், அட்டை மேலேயே இருந்தது. சந்தோசத்தில் அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தேன்.

பிறகுதான் மெத்தையைப் பார்த்தேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, டேப்பும் ஒட்டியிருந்தேன். பொலித்தீனுக்கு உள்பக்கம் துளித் துளியாகத் தண்ணீர். மெத்தை முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சணம். சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியின் முதுகும் அப்படித்தான். நாலு கிழமைகூட ஆகவில்லை. கொழும்பில் இருக்கிற நமக்கு இது விளங்காது. வெள்ளவத்தைக் கடல் காற்றுக்கு இரும்புதான் துருப்பிடிக்கும். அங்கே 1868 மீற்றர் உயரத்தில், பின்னேர மழையும் இரவுக் குளிரும் சேர்ந்து, தகரக் கூரையின் உள்பக்கமே வேர்த்து ஒழுகும். சீமெந்து நிலம் காய்வதே இல்லை. மரமும் துணியும் கடதாசியும் அந்த ஈரத்தைக் குடிக்கும்.

வழி சொன்னது காவல்காரர்தான். மரக்கறிப் பெட்டிகள் ஏற்றி வருகிற பலகைத் தட்டுகள் நாலைந்தை எங்கிருந்தோ இழுத்து வந்து, எல்லாவற்றையும் நிலத்தில் இருந்து தூக்கி வைத்தார். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒரு சாண் விட்டோம். பொலித்தீனைக் கிழித்தெறிந்து, பழைய பருத்திச் சேலைகளால் மூடினோம். பழைய பேசின்களில் சிரட்டைக்கரி போட்டு மூலைக்கு மூலை வைக்கச் சொன்னார், ஈரத்தை இழுக்குமாம். ஃப்ரிட்ஜ் கதவு பூட்டியபடி இருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். திறந்தால் உள்ளே ஒரு காடு. கழுவித் துடைத்து, கதவு மூடாமல் இருக்க ஒரு துணிச் சுருளைச் செருகிவிட்டு வந்தோம். புத்தகப் பெட்டிகள் மேல் அடுக்கில் இருந்ததால் தப்பின.

இனி யாராவது மலைநாட்டில் சாமான் வைக்க அறை எடுக்கப் போகிறீர்கள் என்றால் வாடகையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் எத்தனை பூட்டு, எந்தத் திறப்பு யாரிடம், லீவு நாளில் யார் திறந்துவிடுவார் என்று கேளுங்கள். ஏப்ரலில் அந்த இடம் வேறு எதற்குப் பயன்படும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், முதலாளியிடம் அல்ல. பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். நான் இப்போது ஹாட்வெயாரில் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டேன், முதலாளி முகத்தைச் சுளித்தார், போகட்டும். முன்பக்க வெற்றிடமும் உங்களுடையது என்று எழுத்தில் வாங்குங்கள். அட்டை, உறுதி, பிறப்புச் சான்றிதழ் எதையும் பெட்டிக்குள் போடாதீர்கள். வயதானவர்கள் எதை எங்கே பத்திரமாக வைத்தார்கள் என்று லொறி வர முன்னம் ஒருக்கால் கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் இந்தக் கதையில் பாதி இல்லை.

பென்ஷன் வேலைக்கு அட்டையோடு போனேன், கால் மணித்தியாலத்தில் முடிந்தது. கதிரைகளுக்கு வாடகை கழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலாளி பார்ப்போம் என்கிறார். மெத்தை விஷயத்தைப் பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

முற்பணம் ஜூன் வரை இருக்கிறது. அதற்குள் வாக்காளர் பதிவை வெள்ளவத்தைக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று, டொரொண்டோக் கடிதத்தின் அசலும் நேற்றுத் தபாலில் வந்துவிட்டது. சாமானைக் கொழும்புக்கே இறக்குவதாக யோசனை. கட்டிலை மட்டும் எங்கள் பிளாட்டில் பெரியம்மாவுக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று நேற்று இரவு லிஃப்டை அளந்து பார்த்தேன். ஏழு அங்குலம் போதாது.