திருநெல்வேலியிலிருந்து திருநெல்வேலிக்கு

எங்கள் ஊரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர ஓர் இரவு முழுக்க ஆகும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். நாங்கள் வீடு பிடித்த இடத்தின் பெயரும் திருநெல்வேலி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதி அது. பேச்சில் தின்னவேலி என்பார்கள். 2024 அக்டோபரில் ஒன்பது வயது மகளோடும் ஆறு பெட்டிகளோடும் குடிவந்தோம்.

கணவருக்குத் தீவுப் பகுதியில் சூரிய மின்சார வேலை. விடிவதற்குள் கிளம்பி, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அதனால் புது நாட்டைப் பழகும் வேலை பெரும்பாலும் எனக்கும் மகளுக்கும்தான்.

ஜெர்மனிக்குப் போன என் தோழி ஆறு மாதம் முன்னாலேயே மொழி வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு அப்படி எதுவும் தேவையில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். "அங்கேயும் தமிழ்தானே, என்ன கஷ்டம்?" என்றார் அம்மா. நானும் அதை நம்பித்தான் வந்தேன்.

முதல் வாரமே பள்ளியில் ஒரு பட்டியல் தந்தார்கள். கொப்பி 8, அடிமட்டம் 1, அழிறப்பர் 1. கடை வாசலில் நின்று மூன்று முறை வாசித்தேன். எல்லாம் தமிழ் எழுத்து, ஆனால் என்ன வாங்குவது என்று தெரியவில்லை. கடையில் இருந்த பையன் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "நோட்டு, ஸ்கேல், ரப்பர். உங்கட ஆக்கள் அப்பிடித்தானே சொல்லுறவை?" என்று எடுத்து வைத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. எங்கள் பேச்சு அந்தப் பையனுக்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் சினிமாவும் சீரியலும் இங்கே வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. இவர்கள் பேச்சு மட்டும் எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை. கடல் குறுகலானதுதான், ஆனாலும் பேச்சு ஒரு பக்கமாகத்தான் கடந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு கொப்பி எடுத்து வார்த்தைகளை எழுத ஆரம்பித்தேன். கதிரை என்றால் நாற்காலி. சப்பாத்து என்றால் ஷூ. இரண்டும் 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்து தங்கியவை. மரக்கறி என்றால் காய்கறி, கச்சான் என்றால் நிலக்கடலை, தேசிக்காய் என்றால் எலுமிச்சை. கடைப் பலகையில் 'ரயர்' என்று கண்டால் அது டயர். ஆங்கிலத்து 'ட'வை இங்கே பல இடங்களில் 'ர' என்று எழுதுவார்கள். மகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போதெல்லாம் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டின் சொந்தக்காரர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். அவருடைய தாய் பக்கத்து வீட்டில் தனியாக. வந்த மூன்றாம் நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "பிள்ளை, பிட்டு அவிச்சனான். கோப்பையளை எடுத்துக்கொண்டு வாங்கோ." நான் மூன்று டீக்கப்களைக் கழுவி எடுத்துப் போனேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். "எங்களுக்கு இதுதான் கோப்பை, பிள்ளை." பரிமாறி முடித்ததும் "காணுமே?" என்று கேட்டார். நான் எதையோ தொலைத்துவிட்டாரோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். 'போதுமா' என்பதற்கு இங்கே 'காணுமே'.

மகள் அவரை ஆச்சி என்று கூப்பிட்டாள். எங்கள் ஊரில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பேரப்பிள்ளைகள் அவரை அம்மம்மா என்பார்களாம். ஆச்சி என்பது அவர் தன் பாட்டியைக் கூப்பிட்ட சொல். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் ஆச்சிதான்.

எங்களைச் சேர்த்து வைத்தது சொதி. நெல்லையில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பு, கட்டித் தேங்காய்ப்பால், நாலைந்து காய், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இங்கே சொதி தினப்படி சமையல். பச்சைமிளகாய், வெங்காயம், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், நீர்த்த தேங்காய்ப்பால், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. இடியப்பத்தில் ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுவது. நான் ஒரு ஞாயிறு எங்கள் சொதியை வைத்துக் கொடுத்தேன். ஆச்சி ருசி பார்த்து, "இது சொதி இல்லைப் பிள்ளை, ஆனா நல்ல வடிவான சாப்பாடு" என்றார். அடுத்த ஞாயிறு அவருடைய முறை. தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்கு ஏறிய மாதங்களில்கூட இந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை, தேங்காயைக் குறைத்துக்கொண்டோம்.

மற்றவை சில வாரங்களில் பழகிவிட்டன. மிக்ஸியின் உருண்டைக் கால் பிளக்குக்கும் சுவரில் இருந்த சதுரக் கால் பிளக்குக்கும் இடையில் ஒரு அடாப்டர். விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லை வரை இரவு பஸ்ஸில் பயணம். தண்ணீர் மட்டும் வேறு விஷயம். நான் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் மழைநீர்தான் கிணற்றுத் தண்ணீர். கெட்டிலின் அடியில் மாதம் தவறாமல் வெள்ளையாகப் படிகிறது. நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பதை ஆச்சி ஒருநாள் பார்த்தார். மறுநாள் ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து வைத்து, கழுவும் தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் காட்டிக் கொடுத்தார். இப்போது ஊருக்குப் போனாலும் என் கை தானாகக் குழாயை மூடுகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மீன்காரரின் கேள்விதான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி விளைமீனும் ஒட்டியும் கொண்டுவருவார். நாங்கள் இந்தியா என்று தெரிந்ததும் முதலில் பேச்சைக் குறைத்தார். சில வாரம் கழித்து அவராகவே கேட்டார். "தங்கச்சி, உங்கட றோலர் வந்த இரவு என்ர தம்பியின்ர வலை முழுக்கப் போட்டுது. உங்க பேப்பரில அதைப் போடுறவையே?" றோலர் என்றால் இழுவைப் படகு. 'போட்டுது' என்றால் போய்விட்டது.

ஊரில் நான் பார்த்ததெல்லாம் இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்த செய்திகள். அந்தக் குடும்பங்களின் கண்ணீர் உண்மை. ஆனால் இழுவைப் படகு கடலடியையே வாரிக்கொண்டு போவதையும், அது போகும் வழியில் சின்னப் படகுக்காரரின் வலை அறுவதையும், இலங்கை அந்த இழுவை முறையை 2017-இல் சட்டம் போட்டே தடை செய்ததையும் நான் கேட்டதே இல்லை. யுத்த காலத்தில் பல வருடம் கடலுக்கே போக முடியாமல் இருந்த ஜனங்கள் இவர்கள். கடன் வாங்கி வலை போட்டால் ஓர் இரவில் போய்விடுகிறது. நான் என்ன பதில் சொல்ல? "எனக்கு இது தெரியாது அண்ணா" என்றேன்.

"தெரியாதெண்டு சொன்னதே காணும்" என்றார். மீனை வெட்டிச் சுத்தம் செய்து தந்துவிட்டுப் போனார். அன்று மாலை ஊரில் என் தம்பிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அவன் நம்ப நேரம் எடுத்துக்கொண்டான், ஆனாலும் கேட்டான்.

எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், பதினொரு வீடு. நாலு வீட்டில் எப்போதும் பூட்டு. இரவு எட்டு மணிக்கு ஆச்சியின் போனில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். தங்களுக்குள் ஜெர்மன் பேசுவார்கள், ஆச்சியிடம் இரண்டு வரி தமிழ். ஒருநாள் போனை வைத்துவிட்டு, "எல்லாரும் வெளிக்கிட்டுப் போன றோட்டில நீங்கள் வந்து இருக்கிறியள் பிள்ளை" என்றார். அவர் வீட்டுச் சுவரில் ஓர் இளைஞனின் படம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நவம்பரில் ஒருநாள் அதற்கு விளக்கு வைத்தார். மகள் கையில் பூக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

மகள் இப்போது முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. போன மாதம் என் கையிலிருந்த கத்தரிக்கோலைக் காட்டி, "அம்மா, உதைத் தாங்கோ" என்றாள். இதுவும் இல்லை, அதுவும் இல்லை, நாம் யாரிடம் பேசுகிறோமோ அவர் பக்கத்தில் இருப்பது உது. தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டெழுத்தில் அ, இ இரண்டைத்தான் எங்கள் பேச்சு வைத்திருக்கிறது. உ-வைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. அதை என் மகள் வாயில் கேட்டபோது கத்தரிக்கோலைக் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புகிறோம். ஆச்சி புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), வறுத்து இடித்த மிளகாய்த் தூளும், ஓலைக் குட்டானில் பனங்கட்டியும் கட்டித் தந்திருக்கிறார். எங்கள் பக்கத்து உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றி நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். "ரெண்டு கட்டி கொண்டுவாங்கோ. பக்கத்தில வைச்சுத் தேத்தண்ணி குடிச்சுப் பாப்பம், எது திறமெண்டு" என்றார்.