மாம்பழப் பெட்டியும் பெங்களூர் பங்களாக்களும்

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குப் பெட்டி கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துப் பாருங்கள். பணக்கார ஏரியா எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்துவிடும்.

சாங்கி ஏரிப் பக்கம் சதாசிவநகர். அரசியல்வாதிகள், பழைய பணம். தெருவில் மரம் உண்டு, நிழல் உண்டு, ஆள்தான் இல்லை. மதில் உயரத்தில் தெரியும் அந்தஸ்து. பெட்டியை வாங்குவது வாட்ச்மேன். அவர் ஊத்தங்கரைக்காரராக இருந்துவிட்டால், "ஊர்ல மழை உண்டாப்பா?" என்று பேச்சு நீளும். முதலாளி முகத்தை நான் பார்த்ததே இல்லை, ஜிபேயில் பணம் மட்டும் டாண் என்று வந்துவிடும்.

ஜெயநகர் வேறு ரகம். 1948-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய லேஅவுட் (நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத் தொரப்பள்ளிக்காரர்தானே!). அங்கே பாட்டியம்மாவே கேட்டுக்கு வருவார். செந்தூராவைக் காம்புப் பக்கம் முகர்ந்து, லேசாக அமுக்கி, "கார்பைடு கல்லு வெச்சுப் பழுத்ததா?" என்று விசாரித்து, அப்புறம் விலையையும் குறைப்பார். காசுக்குப் பஞ்சமில்லை, பேரம் பேசாமல் வாங்கினால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இந்திராநகர் நூறடி ரோட்டில் வீட்டைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பங்களாக்கள் பப்பாகவும் துணிக்கடையாகவும் மாறிவிட்டன. மிச்சமிருக்கும் பெரியவர்கள் ராத்திரிச் சத்தத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே அல்போன்சா வாங்குகிறார்கள்.

என்னைக் கேட்டால் ஜெயநகர்தான். பேரம் முடிந்ததும் ஒரு டம்ளர் மோராவது கிடைக்கும்.